பேட்டரி இல்லாத உளவாளி

இந்த பிஜயாவுக்கு நூறு இனிப்பு சாப்பிடுவது என்று நான் சபதம் எடுத்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை இருநூற்று எண்பது.

சிரிக்காதீர்கள். கல்கத்தாவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவனுக்குத்தான் இந்தச் சபதத்தின் அருமை தெரியும். துர்கா பூஜை முடிந்து அம்மனை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த நிமிஷத்திலிருந்து காளி பூஜை வரைக்கும் வங்காளிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். அதற்குத்தான் பிஜயா என்று பெயர். பெரியவர்களின் காலைத் தொடுவார்கள். ஆண்கள் மூன்று தடவை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். பிறகு தட்டு வரும். தட்டில் இருக்கும் மிஷ்டியைத் தொடாமல் எழுந்தால் அந்த வீட்டுக்காரரை அவமானப்படுத்தியதாக அர்த்தம். ஆகக்கூடி, ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு, இனிப்பு தின்னாதவன் மரியாதை கெட்டவன். நான் பரம்பரையாக மரியாதைக்காரன்.

என் பெயர் மருதமுத்து. வங்காளிகளுக்கு முத்துதா, அதாவது முத்து அண்ணன். துறைமுகத்தில் ஹெட்கிளார்க். பெஹாலாவில் குவார்ட்டர்ஸ், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நானும் என் மனைவி அருக்காணியும்தான். அதிகாரத்தைப் பங்கு போட ஆளில்லாததால் அத்தனையும் அவளிடமே தங்கிவிட்டது.

அருக்காணி காங்கேயத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னால், மாட்டு டாக்டர் வராத நாளில் அவள் அப்பா வளர்த்த காளைகளுக்கு அவளே ஊசி போடுவாளாம். காளை திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிடுமாம். என் மாமனார் இதைச் சொன்னபோது நானும் பெருமைப்பட்டேன். இருபத்தாறு வருஷம் கழித்து, 2006 செப்டம்பரில், பெஹாலா டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "காளி பூஜை முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இப்படியே இருந்தால் இன்சுலின்தான். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், யாராவது ஊசி போடக் கற்றுக்கொண்டால் போதும்" என்றார். அப்போதுதான் அந்தக் காளையின் மனநிலை எனக்குப் புரிந்தது.

"ஆமி ஜானி" என்றாள் அருக்காணி டாக்டரிடம். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். சொல்லும்போது என் தோள்பட்டையை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். தினமும் ஒரு மணி நேரம் நட. இதை அவர் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் ஐந்து வருஷமாக, மூன்று மாடி ஏறி இறங்குகிறேனே அது போதாதா என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருவரும் கொள்கையில் உறுதியானவர்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சர்க்கரை மீட்டர் இருந்தது. பேட்டரியில் ஓடுவது. பேட்டரியில் ஓடுகிற எதையும் ஓர் ஆண்பிள்ளை சமாளித்துவிடலாம். மீட்டரின் நல்ல பேட்டரி டிவி ரிமோட்டுக்குப் போகும். ரிமோட்டின் செத்த பேட்டரி மீட்டருக்கு வரும். அருக்காணி ரத்தத்தை வைத்து பட்டனை அமுக்குவாள். மீட்டர் பேசாது. "அட, பேட்டரி போயிருச்சாட்ட இருக்குது அம்மிணி" என்று நான் வருத்தப்படுவேன். இப்படியே ஒரு வருஷம் சொர்க்கமாகப் போனது.

ஒரு நாள் அவள் ரிமோட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, வருசத்துல பதினோரு தடவை மீட்டருக்கு பேட்டரி மாத்தியிருக்கறனுங்க. இந்த ரிமோட்டுக்கு ஒருக்காக்கூட மாத்துலீங்களே?"

"அது நல்ல கம்பெனி."

"சாகா வரம் வாங்கிட்டு வந்திருக்குதுங்களா?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. என் அனுபவத்தில் அருக்காணி பேசினால் பிரச்சினை சின்னது. பேசாவிட்டால் துணி மூட்டை கட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவது நல்லது. நான் போகவில்லை. பூஜைக்கு லீவு கிடைக்கவில்லை.

அஷ்டமி அன்று காலையில் ஸ்ரீனிவாசராகவன் வந்தார். முதல் மாடியில் குடியிருக்கிறவர். ஜாதவ்பூர் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. நாற்பது வயசு, தடிமனான கண்ணாடி, அருக்காணியின் காபிக்கு அடிமை. கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியும் ஒரு டப்பாவும் இருந்தன.

"அக்கா கேட்டாளேன்னு எங்க லேப்லேர்ந்து கொண்டு வந்தேன் சார். ட்ரயல்லதான் இருக்கு. டாக்டர் டெஸ்டை விட்டுடாதீங்கோ. இது வீட்டுக்கு."

நான் பழக்கதோஷத்தில் கருவியைத் திருப்பி அடியில் பார்த்தேன்.

"பேட்டரி எங்கீங்க?"

"பேட்டரி கிடையாது சார்."

"பிளக்கு?"

"அதுவும் கிடையாது."

"வெயில்ல வெக்கோணுமா?"

"வேண்டாம். உங்க ரத்தத்துல இருக்கற சர்க்கரைதான் இதுக்குக் கரண்ட். இந்த ஸ்ட்ரிப்ல என்சைம் தடவியிருக்கு. ஒரு சொட்டு ரத்தம் வெச்சா அது சர்க்கரையைப் பிடிச்சு அதுலேர்ந்து கரண்ட்டை உருவிடும். சர்க்கரை ஜாஸ்தின்னா கரண்ட்டும் ஜாஸ்தி. அளவைத் தாண்டினா இந்தச் சிவப்பு லைட் எரியும். தாண்டலைன்னா எரியாது. அவ்வளவுதான் விஷயம்."

நான் கருவியைச் சட்டென்று அவரிடமே நீட்டினேன்.

"அப்ப நான் திங்கிற சந்தேஷ்ல இருந்தே கரண்ட் எடுத்து, நான் சந்தேஷ் தின்னதை என்ற சம்சாரத்துக்கே சொல்லிப்போடுமா?"

"எக்ஸாக்ட்லி சார்! எங்க டைரக்டருக்கே இவ்வளவு அழகாச் சொல்லத் தெரியலை."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வீட்டுச் சாப்பாட்டையே தெம்பாக வைத்துக்கொண்டு இரண்டகம் செய்கிற ஜந்துவை அன்றைக்குத்தான் பார்த்தேன். அருக்காணி கருவியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஸ்ட்ரிப் டப்பா குளிரிலேயே இருக்க வேண்டும் என்றார் ராகவன். அதற்கு ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கப்பட்டது.

ஆனாலும் சபதம் சபதம்தானே? தசமி சாயங்காலம் இரண்டாவது மாடி முகர்ஜி வீட்டில் கணக்கைத் தொடங்கினேன். முகர்ஜி என்னை மூன்று தடவை கட்டிக்கொண்டார். அவர் தொப்பையும் என் தொப்பையும் மூன்று தடவை மோதிக்கொண்டன. தட்டு வந்தது. சந்தேஷ், நாரு என்கிற தேங்காய் உருண்டை, ரஸகொல்லா. முகர்ஜியின் மனைவி, எல்லோருக்கும் பௌதி, அதாவது அண்ணி, தட்டு காலியாவதைப் பொறுக்காதவர். "ஆர் ஏக்டா, முத்துதா!" என்றார். இன்னும் ஒன்று என்று பொருள். பதினோரு வருஷத்தில் என் வங்காளி ஞானம் நலம் விசாரிப்பதோடு நின்றுவிட்டது. போதும் என்பதற்கு வங்காளியில் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்ததும் இல்லை. ஏழு சாப்பிட்டேன்.

இரவு எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், அருக்காணி என் விரலில் குத்தினாள். ஒரு சொட்டு. நான் இரண்டு கத்து கத்தினேன். கருவி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பாக ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எரியுதுங்க மாமா."

"வெளக்கு எரியற ஊடு நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க அம்மிணி."

"கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுங்க."

மறுநாள் எதிர் பிளாக் தத்தா வீட்டில் ஆறு. அன்றைக்கும் எரிந்தது. அருக்காணி கருவியைத் துடைத்து வைத்துவிட்டு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாருங்க மாமா. பிஜயாவுக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லப் போறதில்லைங்க. போகாட்டி அவுங்க வெசனப்படுவாங்க. போங்க, தின்னுங்க. இன்னொரு தடவை வெளக்கு எரிஞ்சுதுன்னா காளி பூஜை வரைக்கும் நான் காத்திருக்க மாட்டனுங்க. மக்கா நாளே டாக்டர்கிட்டப் போயி ஊசியை வாங்கிட்டு வந்துருவன்."

"ஒரே ஒரு தடவைக்கா?"

"காளைக்கெல்லாம் நான் அந்த ஒரு தடவை வாய்ப்புக்கூடக் குடுத்ததில்லீங்க."

ஆக, ஒரு பக்கம் நூறு இனிப்பு. இன்னொரு பக்கம் ஊசி. நடுவில் பேட்டரி இல்லாத அந்த உளவாளி.

மறுநாள் காலை மாடிப்படியில் ராகவனை மடக்கினேன். விளக்கை எரியாமல் வைக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லிடக் கூடாது."

"என்ற தாயி மேல சத்தியமா."

"நடந்தா தசை சர்க்கரையை இழுத்துக்கும் சார். ஸ்வீட் சாப்பிட்ட கையோட ஒரு மணி நேரம் விறுவிறுன்னு நடங்கோ. மெதுவா இல்லை. வேர்த்துக் கொட்டணும். ரத்தத்துல சர்க்கரை இறங்கும். லைட்டுக்குக் கரண்ட் போறாது."

"அப்ப வெளக்கை ஏமாத்தலாங்கறீங்க?"

"ஏமாத்தலாம்னு நான் சொல்லலை. எரியாதுன்னு சொல்றேன்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதே நடையைத்தான் டாக்டர் ஐந்து வருஷமாகச் சொன்னார். ஆனால் அவர் ஆரோக்கியத்துக்காக நடக்கச் சொன்னார். அதில் என்ன சுவாரசியம்? பெண்டாட்டியை ஏமாற்றுவதற்காக நடக்கச் சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ ராமேஸ்வரம் போய்த் திரும்பியிருப்பேன்.

அன்று சாயங்காலம் தாராதலாவில் ஆபீஸ் நண்பர் வீட்டில் நான்கு இனிப்பு. வாசலில் ஆட்டோக்காரன் "பெஹாலா, பெஹாலா" என்று கூவினான். அவனைக் கொள்ளைக்காரனைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு நடந்தேன். எட்டு மணிக்கு விரல் குத்தப்பட்டது. விளக்கு மெல்ல மினுக்கியது. நான் முருகா என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அணைந்தது.

"மினுக்குனா கணக்கில்லை!" என்று கத்தினேன்.

அருக்காணி கருவியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். "சரி, இன்னைக்கு உட்டர்றனுங்க" என்றாள்.

நான்காம் நாள் சக்கேர் பஜாரில் ஐந்து இனிப்பு, ஒன்றேகால் மணி நேர நடை. விளக்கு மினுக்கக்கூட இல்லை. கும்மிருட்டு. வீட்டில் விளக்கு எரியவில்லை என்று சந்தோஷத்தில் குதித்த முதல் தமிழன் நான்தான். அருக்காணி வெகு நேரம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஏமாந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்னொரு ரஸகொல்லா சாப்பிட்ட மாதிரி இருந்தது.

வெற்றி தலைக்கேறியது. அடுத்த நாள் அவளிடமே போய், நமக்குத் தெரிந்த வங்காளி வீடுகளின் விலாசமெல்லாம் வேண்டும் என்று கேட்டேன். இந்த ஊரில் எனக்கு நாலு பேரைத் தெரியும். அருக்காணிக்கு நானூறு பேரைத் தெரியும். அவள் பேசுகிற வங்காளியைக் கேட்டு மீன்காரனே விலையைக் குறைத்துவிட்டு அழுதிருக்கிறான்.

அவள் மறுக்கவில்லை. முழு நீள பேப்பர் ஒன்றில் எழுதிக் கொடுத்தாள்.

"ஒரு ஊட்டுக்குப் போயி இன்னொரு ஊட்டுக்குப் போகாட்டித் தப்பா நெனைப்பாங்க மாமா. போறதுன்னா எல்லாத்தையும் போயிப்போடுங்க."

லிஸ்ட்டைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை வீடா! இவளையா நான் கொடுமைக்காரி என்று நினைத்தேன்?

ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மூலை. டாக்கூர்புகுரில் ஒரு வீடு, டிராம் தடத்திலிருந்து உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நியூ அலிபூரில் ஒரு வீடு நான்காவது மாடி, அங்கேயும் லிஃப்ட் கிடையாது. கரியாஹாட்டில் ஒரு வீடு. பூஜை முடிந்தும் கூட்டம் குறையாத கடைத்தெருவில், புடவைக் கடைகளுக்கு நடுவே இடிபட்டு மிதிபட்டு, காளிகாட் வரைக்கும் நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சால்ட் லேக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். விலாசத்தில் வீட்டு நம்பர் இருந்தது. எந்த பிளாக் என்று இல்லை. சால்ட் லேக்கில் பிளாக் தெரியாமல் வீட்டைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவதுதான். ஏஇ, பிஇ, சிஇ என்று ஆங்கில எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டு வழிமறிக்கும். எல்லாத் தெருவும் ஒன்றுபோல் இருக்கும். ஒரே தண்ணீர்த் தொட்டியை நான்கு தடவை பார்த்தேன். அல்லது நான்கு தொட்டியை ஒவ்வொரு தடவை பார்த்தேன். பூத்திலிருந்து அருக்காணிக்குப் போன் போட்டேன்.

"எந்த பிளாக்குன்னு எழுதவே இல்லையே அம்மிணி?"

"எழுதுலீங்களா? அட சாமி! எனக்கும் மறந்துபோச்சுங்களே. பார்க்கு பக்கத்துலன்னு சொன்னாங்க."

"இங்க பிளாக்குக்கு ஒரு பார்க்கு இருக்குது!"

"அப்ப ஒவ்வொண்ணாப் பாருங்க. பாத்தா கெடைக்காதுங்களா?"

இரண்டரை மணி நேரம் பார்த்தேன். கிடைத்தது. தட்டும் வந்தது. ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பட்டாணிச் சுண்டல், வங்காளிகள் அதைக் குக்னி என்பார்கள். நறுக்கிய வெள்ளரிக்காய். சர்க்கரை போடாத டீ. கடைசியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு சந்தேஷ். அந்த வீட்டு பௌதி, "ஆர் ஏக்டா" என்றார். நான் ஆவலோடு தட்டை நீட்டினேன். இன்னொரு வெள்ளரிக்காய்த் துண்டை வைத்தார்.

இது ஒரு வீட்டுக் கதையில்லை. லிஸ்ட்டில் இருந்த எல்லா வீட்டிலும் இதே கதை. முதலில் குக்னி, பிறகு வெள்ளரிக்காய், கடைசியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வங்காளம் மாறிவிட்டது என்று வருந்தினேன். விலைவாசி ஏறியதால் விருந்தோம்பல் இறங்கிவிட்டது என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன். வங்காளி நண்பர்களுக்கு ரோஷம் வந்து யாராவது ஒரு டப்பா வாங்கி வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஆனால் விளக்கு எரியவில்லை. அதுதான் முக்கியம். தினமும் எட்டு மணிக்கு அருக்காணி குத்துவாள், பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். ஒரு நாள் மழை, நடக்க முடியாதே என்று பயந்து குடையோடு மொட்டை மாடியில் அறுபது சுற்றுச் சுற்றினேன். அன்றைக்கும் எரியவில்லை. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனேன்.

"ஏனுங்க மாமா, ஷூ அடி இப்படித் தேஞ்சு கெடக்குதுங்களே?"

"ஆபீஸ்ல ஃபைல் எடுக்க நடக்கறதுதான்."

"அம்புட்டுத் தொலைவுலயா ஃபைலு இருக்குது?"

"சர்க்காரு ஃபைலு அம்மிணி."

காளி பூஜை வந்தது. பிஜயா முடிந்தது. என் கணக்கு நூற்றுக்கு நாற்பத்து நாலில் நின்றது. அதில் பாதியை லிஸ்ட் வருவதற்கு முன்னாலும், மீதியை வெள்ளரிக்காய்க்குப் பிறகும் சாப்பிட்டிருந்தேன். சபதம் நிறைவேறவில்லைதான். இருந்தாலும் போர்க்களத்தில் உயிரோடு நின்றது நான்.

இரண்டு நாள் கழித்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். என் பெயர்தானா என்று பார்த்தார்.

"நூற்று நாற்பத்தெட்டு! முத்து பாபு, என்ன செய்தீர்கள்?"

"சும்மா, ஒரு கட்டுப்பாடு" என்றேன்.

ஊசி இப்போதைக்கு வேண்டாம், இதே மாத்திரை போதும், இதே மாதிரி தொடருங்கள் என்றார். அருக்காணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசி போடும் வாய்ப்புப் போனதே என்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ஒரு ஆண்பிள்ளை இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு அதைச் சொல்லாமல் இருந்தால் வெடித்துச் செத்துவிடுவான்.

"அருக்காணி, இப்படி உக்காரு. நீ தோத்துப்போயிட்ட."

"அப்படிங்களா?"

"நாப்பத்து நாலு இனிப்பு! எண்ணி நாப்பத்து நாலு. எல்லாம் உன்ற கண்ணுல மண்ணைத் தூவிட்டுத் தின்னது. தின்னுபோட்டு நடந்தே சர்க்கரையை எறக்கிட்டன். உன்ற வெளக்கு மூணாம் நாளுக்கப்பறம் ஒரு நாளாச்சும் எரிஞ்சுதா?"

"எப்படிங்க எரியும்? அதுதான் செத்துப்போச்சுங்களே."

"என்ன செத்துப்போச்சு?"

"அந்த ஸ்ட்ரிப்புல தடவியிருந்ததுங்க. பிஜயாவுக்கு ஊட்டுக்கு வந்த ஒறம்பரையெல்லாம் மிஷ்டி டப்பா மிஷ்டி டப்பாவாக் கொண்டு வந்தாங்க. உங்க கண்ணுல படாம வெக்கோணும்னு ஃபிரிட்ஜுக்குள்ள அடியில அடுக்கினனா, எடம் பத்துலீங்க. ஸ்ட்ரிப்பு டப்பாவை எடுத்து அடுப்புக்குப் பக்கத்துல வெச்சவ, மறந்துபோட்டனுங்க. சூட்டுல செத்துப்போச்சு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நாலாம் நாளுங்க. நீங்க அஞ்சு தின்னீங்கன்னு சக்கேர் பஜார்ல இருந்து போன் வந்துருச்சு. வெளக்கு மினுக்கக்கூட இல்லை. சந்தேகப்பட்டு குளுக்கோஸ் பொடியைக் கரைச்சு ஒரு சொட்டு உட்டுப் பாத்தனுங்க. அதுக்கும் எரியலை. ராகவன் தம்பியைக் கேட்டா, செத்துப்போச்சுக்கா, தூக்கிப் போட்டுருங்கன்னு சொன்னாரு."

"பின்ன ஏன் தெனமும் என்ற விரல்ல குத்துன?"

"குத்தாட்டி நடப்பீங்களா?"

எனக்கு ஒன்றொன்றாக உறைத்தது.

"அந்த ராகவன்... மாடிப்படியில..."

"நான்தாங்க சொல்லச் சொன்னன். டாக்டரு அஞ்சு வருசமாச் சொல்லி நீங்க நடக்கலை. திருட்டுத்தனமா நடக்கச் சொன்னா நடப்பாரு தம்பீன்னு சொன்னன்."

"லிஸ்ட்டு?"

"தூரந்தூரமாப் பாத்து எழுதினதுங்க."

"சால்ட் லேக்?"

"பிளாக்கு எனக்கு நல்லாத் தெரியுமுங்க."

"அந்த வெள்ளரிக்கா?"

"எல்லா பௌதிக்கும் முன்னாடியே போன் போட்டுச் சொல்லிட்டன். முத்துதா மனசு நோகாம ஒண்ணே ஒண்ணு குடுங்க, மத்ததுக்கு வயித்தை குக்னியில நெரப்பி உட்டுருங்கன்னு. பாவம், சால்ட் லேக் பௌதி, நீங்க தட்டை நீட்டுனதைப் பாத்து அழுதே போட்டாங்களாம்."

பதினாறு நாள். ஒரு செத்துப்போன விளக்கை அணைத்து வைப்பதற்காக நான் கல்கத்தாவை அளந்திருக்கிறேன். மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு அறுபது சுற்று.

"தெரிஞ்சிருந்தா டாக்ஸியில போயிருப்பனே!" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அருக்காணி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குத்திக் குத்திக் கறுத்துப்போயிருந்த என் விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவமுங்களா? இருக்கட்டுமுங்க. கோவிச்சுக்கங்க. எனக்கு உங்க கண்ணு வேணும், காலு வேணும். இந்த ஊர்ல எனக்கு வங்காளி பேச நானூறு பேரு இருக்குறாங்க. சண்டை போட நீங்க ஒருத்தருதான இருக்கறீங்க?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கை என் விரலை விடவே இல்லை. காளைக்கு ஊசி போட்ட கை. இந்த மூன்று வாரமும் பயந்துகொண்டிருந்தது நான் மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஊசி மேல் பயம். அவளுக்கு என்னை நினைத்துப் பயம்.

பிறகு என் புத்தி மெல்லத் தன் வேலையைத் தொடங்கியது. கருவி செத்துவிட்டது. பழைய மீட்டரை அவள் ரிமோட்டைப் பார்த்த கோபத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அடுத்த டெஸ்ட் மூன்று மாசம் கழித்துத்தான். குளிர்காலம் வருகிறது. கடைகளில் புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் வந்துவிடும். அதுவரைக்கும் இந்த வீட்டில் என்னை வேவு பார்க்க எதுவும் இல்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அப்ப அந்தக் கருவி இனி எதுக்கும் ஆகாதா அம்மிணி?" என்று விசாரித்தேன்.

"ராகவன் தம்பி நேத்தே ரெண்டு புது டப்பா குடுத்துட்டாருங்க. ஒண்ணு நல்லது, ஒண்ணு செத்தது. தெனமும் எதுல இருந்து எடுத்துக் குத்துவேன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டனுங்க" என்றாள் அருக்காணி.

நான் எழுந்து போய் ஷூவைத் தேடினேன்.